ஒரு முழத் துணி

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியிருக்கும் அர்த்தநாரீசுவரப் பெருமானைத் தரிசித்தவர்கள் அந்த அலங்காரத்தை மறந்திருக்க மாட்டார்கள். வலப்பாகத்தில் வேட்டி, இடப்பாகத்தில் சேலை. ஒரே திருமேனியில் இரண்டு ஆடைகள். வெண்பாஷாணத்தால் ஆனது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்த மூர்த்தத்தின் திருவடியில் சுரக்கும் நீரையே அங்கே தீர்த்தமாகத் தருகிறார்கள். அதை வாங்கிப் பருகிவிட்டு, சந்நிதியை விட்டு நகராமல், வேட்டியும் சேலையும் சேரும் இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார் ஓர் அம்மையார். அவருக்கு வயது எண்பது. ஊர், ராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். அன்று அவர் மனத்தில் இருந்தது ஒரு முழத் துணி.

அதன் கதை கடல் கடந்து தொடங்குகிறது. சேலத்தில் வாழும் மகளின் மூத்த பெண், அதாவது அம்மையாரின் பேத்தி, படிப்புக்காக அமெரிக்கா சென்று நியூஜெர்சியில் வேலையில் அமர்ந்தவள். அங்கே உடன் பணியாற்றும் யூத சமயத்துப் பையனை மணக்க விரும்பினாள். வீட்டில் ஓராண்டுக் காலம் பேச்சும் மௌனமும் மாறி மாறி நடந்தன. பின்னர் பெரியவர்கள் இசைந்தார்கள். தை மாதம் ராசிபுரத்தில் தாலி கட்டும் திருமணம். அதற்கு முன் ஆவணியில் அங்கே அவர்கள் முறைப்படி ஒரு திருமணம் என்று முடிவாயிற்று. பிற சமயத்துப் பெண்ணை மணப்பதை ரபி எனப்படும் அவர்களுடைய குருமார் அனைவரும் ஏற்பதில்லை. நடத்தித் தர இசைந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பையன் வீட்டாரும் அலைந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு பாட்டி முகம் திருப்பிக்கொண்டு இருந்தாராம். சம்பந்திகள் நெருங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

யூதர் திருமணம் ஒரு துணிப் பந்தலின் கீழ் நடைபெறும். ஹுப்பா என்பது அதன் பெயர். நான்கு கம்புகள், அவற்றின் மேல் விரித்துக் கட்டிய துணி, அவ்வளவுதான். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். எத்திசையிலிருந்து விருந்தினர் வந்தாலும் வரவேற்கும்படி ஆபிரகாமின் கூடாரம் நாற்புறமும் திறந்திருந்தது என்பதும், ஹுப்பா அதன் நினைவு என்பதும் அவர்கள் சொல்லும் பொருள். மணமக்கள் கட்டப்போகும் இல்லத்துக்கு அதுவே அடையாளம். சிலர் தொழுகையில் போர்த்திக்கொள்ளும் தாலித் எனும் குஞ்சம் வைத்த ஆடையையே மேலே விரித்துக்கொள்வர். இக்காலத்தில் பல குடும்பங்களில், உற்றார் உறவினர் ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுக்க, அவற்றை ஒன்றாகத் தைத்து விதானமாக்குகிறார்கள். திருமணத்துக்குப் பின் அது வீட்டுச் சுவரிலோ கட்டிலிலோ இருக்கும். அடுத்த பிள்ளையின் திருமணத்துக்கு மீண்டும் கம்பேறும்.

பையனின் தாய் வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய வேண்டுகோளைப் பேத்தி தமிழில் படித்துக் காட்டினாள். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம். ஓரம் மடிக்க இருபுறமும் இரண்டு விரற்கடை கூடுதல். வரிசைக்கு நான்காக மொத்தம் பதினாறு துண்டுகள். எட்டு அவர்கள் வீட்டிலிருந்து, எட்டு நம் வீட்டிலிருந்து. புதுத் துணியாக இருக்க வேண்டியதில்லை. யாரேனும் உடுத்திய துணியானால் இன்னும் நல்லது. ஒவ்வொரு துண்டுடனும் அதைப் பற்றி மூன்று வரி எழுதி அனுப்ப வேண்டும்.

“பதினாறா? நம்மூர்க் கணக்காத்தான் இருக்குது” என்று அம்மையார் சிரித்தார். பதினாறு பேறும் பெற்று வாழ வாழ்த்துகிற நாடல்லவா இது!

ஆனால், “அம்மாயி, நீங்க உங்க கூறைச் சேலையில இருந்து கொடுக்கணும்” என்று பேத்தி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. “வேற யாராச்சும் கொடுக்கட்டும் சாமி” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மகளிடம் நீட்டிவிட்டார்.

மறுப்புக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்றை அவர் வெளியே சொன்னார்: கூறையில் கத்தரி படக்கூடாது. முழுத்துணியாக நெய்து, முழுத்துணியாக உடுத்தி, முழுத்துணியாகவே பெட்டியில் இருக்க வேண்டியது அது. மற்றொன்றை அவர் சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும். அம்மையாரின் கணவர் 2011இல் காலமானார். அன்று முதல் எந்த வீட்டுத் திருமணத்திலும் அவர் மணவறைப் பக்கம் போனதில்லை. சமையற்கட்டுக்கு அருகே ஒரு நாற்காலியில் அமர்ந்து, அட்சதையை அங்கிருந்தே தூவிவிட்டு வந்துவிடுவார். போக வேண்டாம் என்று யாரும் அவரைத் தடுத்ததில்லை. வாருங்கள் என்று யாரும் கையைப் பிடித்து அழைத்ததும் இல்லை. கோயிலில் அவர் முன்வரிசையில் நிற்பார். வீட்டு விசேஷத்தில்தான் பின்வரிசை. தம் நிழலே மணவறையில் விழக்கூடாது என்று பதின்மூன்று ஆண்டுகள் ஒதுங்கி இருந்தவரிடம், மணமக்கள் தலைக்கு மேல் விரிக்கத் துணி கேட்டால் என்ன செய்வார்?

அவருடைய திருமணம் 1964இல் வீட்டு வாசலில் நடந்தது. திருமண மண்டபம் என்பது அன்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் கேள்விப்படாத ஒன்று. பால் வடியும் மரத்தின் கிளையை வெட்டிவந்து முகூர்த்தக்கால் நட்டார்கள். மூங்கில் ஒரு வீட்டார் கொடுத்தது, தென்னங்கீற்று பல வீட்டார் கொடுத்தது. பந்தலுக்கு வேண்டிய கீற்றைப் பெண்கள் இரவு நிலவொளியில் அமர்ந்து முடைந்தார்கள். கயிறு ஒருவர், வாழைமரம் ஒருவர். பந்தலின் உட்புறம் வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டியதும், மணமக்கள் நடந்துவர நடைமாற்று விரித்ததும் ஊர்ச் சலவைத் தொழிலாளர் குடும்பம். அதற்குரிய சீரை முதலில் கொடுத்த பிறகே மற்ற சடங்குகள். ஆக, ஒரு பெண்ணின் தலைக்கு மேல் நிழல் அமைய ஊரில் பாதிப்பேரின் கை அதில் பட்டாக வேண்டும். இன்று ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுத்தால் ஒரே இரவில் அரண்மனையே எழும்பிவிடுகிறது. மறுநாள் காலையில் அது லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடும். யார் கையும் அதில் இல்லை.

யூதர்களின் பழம்பெரும் நூலான தால்மூத்தில் பெத்தார் என்னும் ஊரின் வழக்கம் ஒன்று சொல்லப்படுகிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு கேதுரு மரமும், பெண் குழந்தை பிறந்தால் ஊசியிலை மரம் ஒன்றும் நடுவார்களாம். அவர்கள் வளர்ந்து மணம் முடிக்கும் நாளில் அந்த மரங்களின் கிளைகளை வெட்டி மணப்பந்தலுக்குப் பயன்படுத்துவார்களாம். முகூர்த்தக்காலுக்குக் கிளை தேடிப் போகிறவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சேலத்து மருமகன் இத்தகைய செய்திகளைத் தேடிப் படித்து மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் எதிர்த்தவர் அவர். இப்போது அதிகம் படித்தவரும் அவரே. “அத்தை, இவங்க நமக்குப் புதுசு இல்லீங்க. சேலத்துல ராத்திரி ரயில் ஏறினா விடியறப்ப எர்ணாகுளம். அங்க கொச்சியில ஆயிரம் வருஷமா இருந்திருக்காங்க” என்றார். உண்மைதான். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட யூத ஆலயம், அரண்மனைக்கும் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் பக்கத்தில் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்தில் தாலியும் அணிந்தார்கள். “தாலி கட்டுனாங்களா?” என்று அந்த ஒரு செய்தியை மட்டும் அம்மையார் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். கூறை விஷயத்தில் அப்போதும் இறங்கி வரவில்லை.

அசைத்தது வேறொரு செய்தி. ஒரு நாள் பேத்தி பேச்சுவாக்கில், விதானத்தைத் தைப்பவர் பையனின் தாய் என்றும், முதல் துண்டாக அவர் தம் கணவரின் சட்டையை வெட்டினார் என்றும் சொன்னாள்.

“அவர் வீட்டுக்காரர் கோவிச்சுக்கலையா?”

“அவரு இல்லீங்க அம்மாயி. அஞ்சு வருஷம் ஆச்சு.”

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. “அவங்கதான் தைக்கறாங்களா?” என்றார் மறுபடியும். “அவங்கதான். கல்யாணத்துல ஒரு கம்பையும் அவங்கதான் பிடிக்கப் போறாங்க. போனவங்களும் பந்தல்ல இருக்கணும்னுதான் இந்தத் துணியெல்லாம்” என்றாள் பேத்தி.

மறுநாள் காலை, திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மையார் மகளுக்குச் சொல்லி அனுப்பினார். இளமையில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் ஏறியவர் அவர். அறுபதாம் படியில், அக்காலத்தில் வழக்காடுவோர் சத்தியம் செய்த இடத்தில், ஒவ்வொரு முறையும் சூடம் ஏற்றியவர். இப்போது மலைப்பாதையில் கார். உமையம்மை கேதார கௌரி விரதம் நோற்றுப் பெருமானின் இடப்பாகம் பெற்ற வரலாறு அந்தத் தலத்துடன் சேர்த்துப் பேசப்படுவது. திருமணமான புதிதில் கணவருடன் அந்த விரதத்துக்காக அவர் அங்கே வந்திருக்கிறார். விரதம் முடித்துக் கையில் கட்டிய நோன்புக் கயிறு இற்று விழும்வரை கழற்றியதில்லை.

அன்று சந்நிதியில் அவர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாமகிரித் தாயாரின் அனுமதி கிடைத்த பின்பே கணித மேதை இராமானுஜனை 1914இல் கடல் கடந்து போக அவருடைய தாய் விட்டார் என்பது நாமக்கல் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. தாயின் கனவில் தேவி வந்து, மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்றாளாம். இந்த அம்மையாருக்குக் கனவொன்றும் வந்ததாகத் தெரியவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது மகளிடம் ஒன்று மட்டும் கேட்டார்: “அப்பா கல்யாண வேட்டி எங்கே இருக்குது?”

வேட்டி, சேலம் அம்மாபேட்டைத் தறியில் நெய்த வெண்பட்டு. இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் சேலம் பட்டு வேட்டி அன்றும் மாப்பிள்ளை வேட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது. கூறை, அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கரை போட்டது. இரண்டும் ஒரே தகரப் பெட்டியில், வசம்புத் துண்டுகளுக்கிடையே, அறுபது ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தவை. விரித்துப் பார்த்தால், மடித்த கோடு நெடுகிலும் கூறை இற்றுப் போயிருந்தது. பழம்பட்டின் இயல்பு அது. உடுத்தியதைவிட மடிப்பில் கிடந்ததே அதை அதிகம் தின்றுவிடும். வெட்டாமல் காப்பாற்றிய சேலை பெட்டிக்குள்ளேயே தானாகக் கிழிந்துகொண்டிருந்தது. அம்மையார் அந்த வெடிப்புகளைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ராசிபுரத்திலிருந்து ஒரு தையற்காரரை வரவழைத்தார்கள். கோயில்களுக்குத் தொம்பையும் விதானமும் தைத்துக் கொடுத்த கை. அவரிடம் அம்மையார் தம் தயக்கத்தைச் சொன்னார்.

“சாமிக்கு மேல கட்டறதே வெட்டி ஒட்டுனதுதானுங்க. தாமரை ஒரு துணி, யாளி ஒரு துணி, கிளி ஒரு துணி. வெட்டாம விதானம் ஏதுங்க ஆத்தா?” என்றார் அவர், கத்தரியைத் துடைத்தபடி.

துணி வெட்டுவது எல்லா இடத்திலும் அழிப்பதாகாது என்பதற்கு யூதர்களிடமும் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஜெர்மானிய யூதர் குடும்பங்களில், ஆண் குழந்தையின் விருத்தசேதனச் சடங்கில் பயன்பட்ட துணியைப் பட்டைகளாகக் கத்தரித்து, நீளமாக இணைத்துத் தைத்து, வேதச் சுருளைக் கட்டும் பட்டையாக ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வேதம் கற்று, மணப்பந்தல் கண்டு, நற்செயல்கள் புரிந்து வளர வேண்டும் என்ற வாழ்த்து அதில் பூத்தையலாக இருக்கும். நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் புனே நகரில் அயோத்தி பாலராமருக்கு ஆடை நெய்யத் தறிகளை அமைத்து, வந்தவர் எல்லோரையும் ஆளுக்கு இரண்டிழை நெய்யச் சொன்னார்கள். லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று நெய்தார்கள். இரண்டிழைதான். எந்த இழை யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அம்மையார் தையற்காரருக்குக் கட்டளை இட்டார். ஒரு முழச் சதுரத்தில் வலப்பாதி வேட்டி, இடப்பாதி சேலை. இற்றுப் போகாத பகுதி முந்தியில்தான் இருந்தது, அங்கிருந்து எடுத்தார்கள். பட்டு பலமிழந்திருப்பதால் பின்புறம் மெல்லிய மல் துணி கொடுத்தாக வேண்டும் என்று தையற்காரர் சொல்ல, அதற்குப் புது மல் வாங்கி வந்தார்கள். கத்தரி வைத்தபோது மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மையார் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பாதிகளையும் இணைக்கும் நடுத்தையலை மட்டும் இயந்திரத்தில் ஓட்ட அவர் விடவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லி, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, மூன்று மாலைப் பொழுதுகளில் தாமே தைத்து முடித்தார். தையல் சற்றுக் கோணல்தான். தையற்காரர் பார்த்துவிட்டு, பிரிக்க வேண்டாம் என்றார்.

மூன்று வரி எழுத வேண்டுமே! அம்மையார் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். வேட்டி இன்னாருடையது, சேலை இன்னாருடையது, ஆண்டு 1964 என்பதோடு முதல் வரி முடிந்துவிட்டது. இரண்டாவது வரியில் அவர் வேறெங்கோ போய்விட்டார்: “மூங்கில் மேலக்காட்டு வீடு. கீத்து ஏரிக்கரை வீட்டுல நாப்பது, கிணத்துமேட்டு வீட்டுல நாப்பது, கோயில் வீட்டுல இருபது. மேற்கட்டி கட்டுனது...” என்று தம் கல்யாணப் பந்தலுக்குப் பொருளும் கையும் கொடுத்தவர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அவர்களில் ஒருவரும் இன்று உயிருடன் இல்லை. “அம்மா, மூணு வரிதான் கேட்டிருக்காங்க” என்றாள் மகள். “எழுது” என்றார் அம்மையார். இரண்டு பக்கம் வந்தது. அப்படியே அனுப்பினார்கள். பேத்தி ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்ததைப் படித்த பையனின் தாய், ஒரு வரியையும் விடாமல் படி எடுத்து விதானத்தின் பின்புறம் ஒரு சிறு பையில் வைத்துத் தைத்துவிட்டாராம்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே திருமணம். இங்கே திங்கட்கிழமை விடிவதற்கு முன், இரவு இரண்டரை மணி. சேலத்து வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சித் திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மையார் குளித்து, திருநீறு இட்டு, திரைக்கு நேர் எதிரே முதல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். யார் அமர்த்தியதும் இல்லை.

மண்டபமன்று, ஒரு புல்வெளி. திறந்த வானத்தின் கீழ் மணம் முடிப்பது யூதர் பலரின் வழக்கம்; விண்மீன்கள் போலச் சந்ததி பெருக வேண்டும் என்பது கருத்து. நாமக்கல்லில் பதினெட்டடி ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வானமே கூரையாக இருப்பதில் குறையொன்றும் தோன்றாது. கம்புகள் நட்டிருக்கவில்லை, நான்கு பேர் கையில் பிடித்திருந்தார்கள். முன்கம்பு ஒன்றில் பையனின் தாய். அவருக்கு எதிர்ப்புறத்தில் மணப்பெண்ணின் தந்தை, நம் சேலத்து மருமகன், பட்டு வேட்டியும் துண்டுமாக. காற்று அடித்தபோது துணி படகுப் பாய்போல் உப்பியது. நால்வரும் சிரித்துக்கொண்டே இழுத்துப் பிடித்தார்கள். மணப்பெண் மாப்பிள்ளையை ஏழு முறை வலம் வந்தாள். ஏழு வாழ்த்துகள் ஓதப்பட்டன. முடிவில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குவளையைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து உடைத்தான்.

கூடத்தில் இருந்த பெண்கள் திடுக்கிட்டார்கள். மங்கலம் நடக்குமிடத்தில் கண்ணாடி உடைவதா? இளைய பேத்தி சொன்னாள்: கி.பி. 70இல் எருசலேமில் அவர்களுடைய பெருங்கோயில் இடிக்கப்பட்டது. எவ்வளவு மகிழ்ச்சியான நாளிலும் அந்தக் கோயிலை மறக்கக்கூடாது என்பதற்கு இது.

“இன்னும் நெனச்சுட்டு இருக்காங்களா?” என்றார் அம்மையார். கைகளைக் கூப்பிக்கொண்டார்.

பின்னர் பேத்தி கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து விதானத்தின் அடிப்புறத்தைக் காட்டினாள். பதினாறு கட்டங்கள்: ஒரு சட்டை, ஒரு மேசை விரிப்பு, இளம்பிள்ளைச் சேலை ஒன்றின் கரை, ஒரு குழந்தையின் போர்வை. மாலை வெயில் துணியை ஊடுருவிக்கொண்டு வந்தது. நடுவில் பாதி வெண்மையும் பாதி சிவப்புமாக ஒரு சதுரம். “அம்மாயி, தெரியுதுங்களா? எங்க தலைக்கு நேரா நீங்களும் அப்புச்சியும்தான்” என்றாள். வெளிச்சத்தில் அந்தக் கோணல் தையல் தெளிவாகத் தெரிந்தது.

தை மாதத் திருமணத்தின்போது அந்த விதானமும் ராசிபுரத்துக்கு வந்தது. மணவறைக்கு மேல் மேற்கட்டியாக அதையே கட்டினார்கள். கட்டும்போது உயரம் சரியா என்று பார்க்க, மணவறைக்குள் வந்து நின்றவர் அம்மையார்தான். சடங்குகள் முடிந்ததும், மீதிக் கூறையை என்ன செய்வது என்று மகள் கேட்டாள்.

“மடிப்பை மாத்தி மாத்தி வையி. இன்னும் மூணு பேத்திங்க இருக்காங்களே!” என்றார்.